இடி விழுந்த பனையைக் காயப்போட்ட கதை

எங்கள் விளையில் கிணற்றுக்கு வடக்கே ஒரு பனை நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணிவாக்கில், அதில் இடி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரம் நின்றபடியே நிற்கிறது. தடியில் ஒரு காயம்கூடத் தெரியவில்லை. தப்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். பத்து நாள் கழித்து நடுக்குருத்து சாய்ந்தது. வைகாசி முடிவதற்குள் ஓலையெல்லாம் மட்டையோடு மடங்கித் தொங்கிவிட்டன. பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரம் போயிற்று. மாவும் புளியும் போலப் பக்கத்தில் துளிர்த்து வரும் என்று காத்திருக்க வழியில்லை.

செய்தி எப்படிப் போனதோ, அந்த வாரமே சூளைக்கு மரம் எடுக்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். செங்கல் சூளைக்குப் பனந்தடி என்றால் தேடி வந்து எடுப்பார்கள். அவர் சொன்ன விலை ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலிகூட வராது. ஆனால் வெட்டுகிற செலவும் ஏற்றுகிற செலவும் அவருடையது. அம்மா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டாள். காய்ந்த பனை காற்றில் வீட்டு ஓட்டின்மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. நான்தான் வேண்டாம் என்றேன். என் பாட்டா அந்த மரத்தில் ஏறி அக்கானி, அதாவது பதநீர், இறக்கியவர். அவருக்குப் பிறகு அதில் யாரும் ஏறவில்லை. நொங்கு மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மரத்தைச் சூளைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை நேரம் போக எனக்குக் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு வருடமாக மரம் செதுக்குகிறேன். பலா, அயினி, மா, வேம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் செதுக்கியிருக்கிறேன். பனையில் மட்டும் ஒருமுறை தோற்றிருக்கிறேன். அந்தத் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். பனையைக் கையில் எடுக்கிற எல்லாரும் அங்கேதான் போய் விழுகிறார்கள்.

நாலுவழிச் சாலைக்காக ஊர் ஊராகப் பனைகளைச் சாய்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ரோட்டோரம் கிடந்த தடியில் நாலு அடி நீளத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி, மினி டெம்போவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை உருண்டையாகவே மொட்டைமாடியில் வெயிலில் போட்டேன். மற்றதை இரண்டாகப் பிளந்து பக்கத்தில் வைத்தேன். நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிடும் என்று கணக்கு. மூன்றாவது வாரம் பார்த்தால், முழுத் துண்டின் நடுப்பகுதி குழிந்து உள்ளே போயிருந்தது. சுற்றியிருந்த கறுப்பு வளையம் இரண்டு இடத்தில் வாய் பிளந்திருந்தது. பிளந்து வைத்த பாதிகள் உள்பக்கமாக வில்லைப் போல வளைந்திருந்தன. நடுவிலிருந்த மஞ்சள் பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து, புளித்த வாடை அடித்தது. சரி, வெளிப்பக்கம் நல்லாத்தானே இருக்கிறது என்று அதிலிருந்து ஒரு கிண்ணம் குடைந்து, எண்ணெய் போட்டு, சமையலறை அலமாரியில் வைத்தேன். நாலு மாதம் கழித்து அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். கிண்ணத்துக்கு அடியில் கோதுமை மாவு சிந்தினதுபோல ஒரு சின்னக் குவியல். கையில் எடுத்துத் தட்டினால் மறுபடியும் கொட்டியது. ஊசி முனை அளவுக்கு ஏழெட்டுத் துளை. உளு பிடித்துவிட்டது. அலமாரியில் இருந்த மற்ற மரச்சாமான்களுக்குப் பரவும் முன்னால் அதை அடுப்பில் வைத்தோம்.

அதனால் இந்தத் தடவை, வெட்டுவதற்கு முன்னாலேயே ஆசாரிப் பாட்டாவிடம் போனேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஓட்டுவீடு கட்டிய காலத்தில் இந்த வட்டாரத்தில் அவர் கூரைச் சட்டமாகப் பனங்கை ஏற்றாத வீடு குறைவு. வந்து மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கோடாலியின் பின்பக்கத்தால் தூரில் ஒரு தட்டு, நெஞ்சுயரத்தில் ஒரு தட்டு, கை எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டு. கீழே 'டங்' என்றது. மேலே போகப்போகச் சத்தம் கொஞ்சம் தணிந்தது.

"நல்ல பெண்பனை. முத்தின சாதனம். ஆனா நீ இத தை மாசம் வர நிறுத்தாத மக்கா. செத்த பனையில வண்டு ஏறிரும். உடனே வெட்டு."

"மழை வருமே பாட்டா? எடவப்பாதி மழை தொடங்கியாச்சே. எங்க காயப்போட?"

"ஆரு காயப்போடச் சொன்னது? வெட்டி, தடிக்குள்ள இருக்குத சோற்ற எடுத்துட்டு, குளத்துல போடு. மழை போகும்போ அது பாட்டுக்கு ஊறட்டு. இது மரம் இல்ல, கேட்டியா? புல்லு. மரத்துக்குச் செய்யுத வேலைய இதுக்குச் செஞ்சா இது கெட்டுப் போவும்."

புல்லு என்று அவர் சொன்னது பேச்சுக்காக அல்ல. 'புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப' என்று தொல்காப்பிய மரபியலில் இருக்கிறது. காழ் என்றால் வைரம். வெளியே வைரம் இருப்பது புல், உள்ளே வைரம் இருப்பது மரம். அந்த நூலைக் கேட்டுச் சரிபார்த்தவராகப் பாயிரம் சொல்லுகிற அதங்கோட்டாசானின் அதங்கோடு எங்கள் குழித்துறைக்குப் பக்கத்து ஊர்தான் என்று இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பள்ளியில் மனப்பாடமாகப் படித்தபோது அந்த வரி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் வளைந்து கிடந்த பனந்துண்டுக்குப் பிறகுதான் புரிந்தது. நான் தேக்கைக் காயவைக்கிற மாதிரி ஒரு புல்லைக் காயவைத்திருக்கிறேன்.

தேக்கும் பலாவும் ஒவ்வொரு வருடமும் பட்டைக்கு அடியில் ஒரு சுற்று புதிதாகக் கட்டிக்கொண்டு பருக்கும். பழைய சுற்று உள்ளே தள்ளப்பட்டுச் செத்து, இறுகி, வைரமாகிறது. பனைக்கு அந்த ஏற்பாடே கிடையாது. சுற்றும் இல்லை, வருடக் கணக்கும் இல்லை. தடியின் பருமன் இளமையிலேயே முடிவாகிவிடும். அதன்பிறகு உயரம்தான். உள்ளே நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நார்க்கற்றைகள் ஓடுகின்றன. ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் தூரத்துக்கு ஒன்றாக. அவற்றுக்கு இடையில் இருக்கிற மெத்தென்ற சதைதான் சோறு. நாரின் சுவர்கள் மரம் உயிரோடு இருக்கிற காலம் முழுக்கத் தடித்துக்கொண்டே போகும். பனையில் ரொம்பக் கடினமான இடம் அடிப்பகுதியின் வெளியோரமாக இருப்பது அதனால்தான். அங்கே உள்ள நாருக்குத்தான் வயசு அதிகம். எண்பது வருடப் பனை எண்பது வருடமும் உழைத்துச் சேர்த்து வைத்தது ஓரத்திலிருக்கிற அந்த இரண்டரை அங்குல வைரத்தைத்தான். சூளைக்காரர் விறகு விலை சொன்னது அதற்கு.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. பட்டுப்போன மரம்தானே என்று விடாமல் மனு எழுதிக் கொடுத்து, அனுமதி கையில் வந்த பிறகு ஆனி மாதக் கடைசியில் வெட்டினோம். தேய்பிறையில் வெட்டவேண்டும் என்று பாட்டா பிடிவாதமாகச் சொன்னார். தேய்பிறையில் மரத்தில் நீரோட்டம் குறையும், உளு ஏறாது என்பது இங்கே எல்லா ஆசாரிகளும் சொல்லுவது. அவர் சொன்ன நாளில் வெட்டுவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தூர்ப்பக்கம் வேர் பிடித்த ஒன்றரை அடியைத் தள்ளிவிட்டு, அதற்கு மேலே நாலு அடி வீதம் மூன்று துண்டு போட்டோம். வைரத்தின் கனத்தை ஒவ்வொரு துண்டிலும் அளந்தேன். முதல் துண்டில் இரண்டரை அங்குலம், இரண்டாவதில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, மூன்றாவதில் ஒன்றரை. அதற்கும் மேலே போனால் செதுக்குவதற்கு ஒன்றும் தேறாது. மீதித் தடியில் ஒரு பாதி ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. மறு பாதியை மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்துவீட்டு அண்ணன் எடுத்துக்கொண்டார்.

அறுப்பு மில்லில் பனை என்றாலே முகம் சுளிப்பார்கள், பிளேடு மழுங்கிவிடும் என்று. நாங்கள் பிளந்தோம். செதுக்குவதற்கு அதுதான் நல்லதும்கூட. வாள் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஆப்பு நார் போகிற வழியிலேயே போகும். துண்டின் தலையில் கோடாலியால் ஒரு கோடு போட்டு, இரும்பு ஆப்பு இரண்டை இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்தால் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தத்தோடு மூன்றாவது நாலாவது அடியில் நேராகப் பிளக்கிறது. ஒரு துண்டுக்கு எட்டுச் சட்டம், ஆக இருபத்துநாலு சட்டம்.

கையுறை இல்லாமல் இந்த வேலைக்குப் போகவே கூடாது. பனஞ்சிலாம்பு மற்ற மரச்சிலாம்பு மாதிரி அல்ல. கறுப்பு ஊசி. தோலுக்குள் போனதும் முனை முறிந்து உள்ளேயே நின்றுகொள்ளும். பிடுங்கப் பிடுங்க நார் நாராகப் பிரியும். இரண்டு நாளில் சீழ் வைக்கும். சின்ன வயதில் பழைய வீட்டு வராந்தாவில் பனங்கையைப் பிடித்துத் தொங்கி விளையாடி, உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

பிறகுதான் உண்மையான வேலை. சோறு எடுப்பது. ஒவ்வொரு சட்டத்தையும் உள்பக்கம் மேலே தெரியும்படி மல்லாத்தி வைத்து, வாச்சியால் கொத்திக் கொத்தி எடுக்கவேண்டும். வெட்டின அன்றைக்குச் சோறு ஈரப் பஞ்சு போல இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், லேசாக இனிப்பு வாடை வரும். கொத்திக்கொண்டே வரும்போது வாச்சியின் சத்தம் மாறுகிற இடம் ஒன்று உண்டு. 'சதக் சதக்' என்று இறங்கிக்கொண்டிருந்தது 'டக்' என்று நிற்கும். அங்கே நகத்தை ஊன்றிப் பார்ப்பார் பாட்டா. நகம் பதிந்தால் இன்னும் கொத்து. பதியாவிட்டால் போதும். நான் கண்ணால் பார்த்து, கறுப்புக் கோடு நெருங்கி வந்ததும் நிறுத்திவிடுவேன். அவர் பாதிச் சட்டங்களைத் திருப்பி என் முன்னால் போட்டார்.

இவ்வளவு கறாராக ஏன் எடுக்கவேண்டும்? சோற்றில்தான் தண்ணீர் அதிகம். காயும்போது அது சுருங்குகிற அளவு வேறு, வைரம் சுருங்குகிற அளவு வேறு. இரண்டும் ஒட்டியே இருந்தால் சோறு வைரத்தைப் பிடித்து உள்பக்கமாக இழுக்கும். என் மொட்டைமாடித் துண்டு வில்லாக வளைந்தது அப்படித்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் சோற்றில்தான் தங்கியிருக்கிறது. பூஞ்சைக்கும் உளுவுக்கும் அதுதான் சாப்பாடு. அந்தப் பெயரை வைத்தவன் ஏதோ பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

சோறு கழித்த சட்டங்களை ஊர்க்குளத்தில், ஆள் குளிக்காத தெற்குக் கரையோரமாகக் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே எனக்கு ஒரு பாடம் தானாகக் கிடைத்தது. முதல் துண்டுச் சட்டங்கள் எட்டும் கல்லைப் போலக் கீழே போய்விட்டன. இரண்டாவது துண்டில் இரண்டு சட்டம் தயங்கித் தயங்கி அமிழ்ந்தன. மூன்றாவது துண்டில் பாதி மிதந்தன. எது நல்ல வைரம் என்று குளமே பிரித்துக் கொடுத்துவிட்டது. மிதந்தவற்றைத் தனியாகக் கட்டி, மேலே கல்லேற்றினோம்.

தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கிற மரத்தில் வண்டு முட்டையிட முடியாது, பூஞ்சைக்கும் காற்று கிடைக்காது. நாளாக நாளாக உள்ளே மிச்சமிருக்கிற மாவுச்சத்தும் சர்க்கரையும் புளித்துக் கரைந்து வெளியே வந்துவிடும். ஒரு வாரத்தில் கட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. பக்கத்தில் போனால் புளித்த அக்கானி வாடை. பிறகு அது பழங்கஞ்சி வாடையாகி, கடைசியில் வெறும் சேற்று வாடை ஆயிற்று. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் போட்டோம். கடலோரத்துக்காரர்கள் காயலில், உப்புத்தண்ணீரில் போடுவார்கள். எங்களுக்குக் குளம்தான் வாய்த்தது.

குளம் இல்லாதவர்கள் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும் கலந்த தண்ணீரில் ஊறப்போடலாம். மூங்கிலுக்குப் பரவலாகச் செய்கிற முறை அது. 20 லிட்டர் தண்ணீருக்கு 600 கிராம் வெங்காரம், 400 கிராம் போரிக். வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும். மழை படுகிற இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும். கரண்டி, கிண்ணம் மாதிரி சாப்பாட்டுக்குப் புழங்குகிற சாமானுக்கு அதை வைக்கவே கூடாது. நான் குளத்துக்குப் போனது அதற்காகவும்தான்.

ஆவணிக் கடைசியில் கரையேற்றினோம். கழுவி, தலைப்பக்கமும் கால்பக்கமும் மீதமிருந்த பழைய பெயின்டை இரண்டு கோட் அடித்தேன். நார்க்கற்றைகள் நீளவாக்கில் குழாய் குழாயாக ஓடுவதால், பக்கவாட்டில் போவதைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் முனை வழியாகப் போகும். முனை முந்திக் காய்ந்து சுருங்கினால் அங்கேயிருந்து வெடிப்பு தொடங்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் ஹாலோபிளாக் வைத்து தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுத்து அடுக்கினேன். எல்லா வரிசையிலும் குறுக்குக் கட்டை ஒன்றுக்குமேல் ஒன்று நேராக வரவேண்டும். இல்லாவிட்டால் சட்டம் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். மேலே பாரத்துக்கு, யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய ஆட்டுக்கல்லை ஏற்றிவைத்தேன். வெயில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது, காற்று நாலு பக்கமும் போகவேண்டும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் காயவைப்பது மற்ற ஊர்களைப் போல அல்ல. இரண்டு மழைக்காலமும் எங்களுக்கு உண்டு. ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வருடத்தில் பாதி நாள் காற்றே ஈரமாக இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கதையே வேறு. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நிற்பது சும்மா அல்ல. தோவாளைப் பக்கத்து நண்பர் ஒருவர் ஆடி மாதக் காற்றில் பனஞ்சட்டம் காயவைத்தார். எனக்கு ஆன காலத்தில் பாதிதான் ஆயிற்று. ஆனால் காற்று வருகிற பக்கத்து முனையெல்லாம் வெடித்துவிட்டது. அடுத்த தடவை அந்தப் பக்கம் ஈரச்சாக்கு கட்டினார். எங்கள் பக்கம் வெடிப்புப் பயம் குறைவு, பூஞ்சைப் பயம்தான் அதிகம். எந்த ஊரில் இருந்துகொண்டு காயவைக்கிறோம் என்று பார்க்காமல், இத்தனை மாதம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாதத்தை எண்ணுவதற்குப் பதில் எடையைப் பார்க்கலாம். இது ஆசாரிப் பாட்டாவின் முறை இல்லை, நான் படித்துத் தெரிந்துகொண்டது. அடுக்குவதற்கு முன்னால் ஒரு சட்டத்தின் முனையில் சரியாக 150 கிராம் வருகிற துண்டை அறுத்து எடுத்தேன். வீட்டு ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை இனிமேல் குறையவில்லை என்று ஆகும்வரை வைத்திருந்தேன். 100 கிராமில் நின்றது. அப்படியானால் 100 பங்கு மரத்துக்கு 50 பங்கு தண்ணீர், அதாவது ஐம்பது சதவீத ஈரம். அந்தச் சட்டம் முழுதாக 7 கிலோ 200 கிராம் இருந்தது. 1.5ஆல் வகுத்தால், ஒரு சொட்டு ஈரமும் இல்லாத எடை 4 கிலோ 800. எங்கள் ஊர்க் காற்றில் மரம் பதினாலு சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம். அதையும் சேர்த்தால் 5 கிலோ 470. அந்த எண்ணைச் சட்டத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைத்தேன். சனிக்கிழமைதோறும் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் மாட்டி நிறுத்து நோட்டில் குறித்தேன்.

புரட்டாசி முழுக்க மளமளவென்று இறங்கியது. ஐப்பசி மழை பிடித்ததும் நின்றுவிட்டது. ஒரு வாரம் 60 கிராம் ஏறவும் செய்தது. அந்தச் சமயத்தில் பொறுமை போய், வெயிலில் எடுத்துப் போடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. மார்கழிப் பனி விலகி, தை மாசிக் காற்று அடிக்கத் தொடங்கினதும் மறுபடி இறங்கியது. பங்குனி கடைசியில் 5 கிலோ 560. சித்திரையில் 5 கிலோ 490. வைகாசியில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து 5 கிலோ 480இலேயே நின்றது. எட்டு மாதம். இருபத்துநாலு சட்டத்தில் வளைந்தவை மூன்று. மூன்றும் குளத்தில் மிதந்தவை. ஒன்றில்கூட மாவு கொட்டவில்லை.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய ஓட்டுவீடு இடிக்கிற இடத்துக்குப் போங்கள். அறுபது வருடம் அடுக்களைப் புகை குடித்த பனங்கை கிடைக்கும். அதைவிடக் காய்ந்த பனை உலகத்தில் கிடையாது. துருப்பிடித்த ஆணி இருக்கிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எல்லாவற்றையும் வந்தவர் கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டோம். அப்போது எனக்குச் செதுக்கத் தெரியாது. அந்தச் சமையலறைப் பனங்கைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செதுக்குவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பனையில் உளி சீக்கிரம் மழுங்கும். நாரை ஒட்டி மணல்சத்து நுண்ணிய குருணைகளாகப் படிந்திருக்கிறது. பலாவில் ஒரு மணிநேரம் நிற்கிற கூர், பனையில் கால் மணிநேரம் நிற்பதில்லை. உளியின் வாயைக் கொஞ்சம் தடிப்பாகத் தீட்டிவைத்து, சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் உட்காரவேண்டும். நார் போகிற திசையில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், வழுக்கிக்கொண்டு வரும். குறுக்கே போகும்போது முதலில் கத்தியால் ஆழமாக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கீறாமல் உளியை வைத்தால் ஒரு நார் எழும்பி, அது பக்கத்து நாரைப் பிடித்து, நாலு அங்குலத்துக்கு உரித்துக்கொண்டு போய்விடும். உரிந்ததை ஒட்டவைத்து மறைக்க முடியாது.

நுணுக்கமான உருவம் பனையில் எடுபடாது. மூக்கு, விரல், இமை இதெல்லாம் இரண்டு நாருக்கு நடுவில் வந்தால் பொரிந்து விழும். மயிலாடிச் சிற்பிகள் கல்லில் எடுக்கிற நகைவேலையைப் பனையில் எதிர்பார்க்கக்கூடாது. பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய அந்தத் தூண் இருக்கிறதே, அதைப் பனையில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. குடைந்துகொண்டே போக உள்ளே மரம் இல்லை. பனைக்கு வேறு அழகு. நீளவாக்கில் இழைத்தால் தேன் நிறத்தில் கறுப்புக் கோடு கோடாக வரும். முனையைத் தேய்த்தால் கோடெல்லாம் புள்ளியாகிவிடும், எள் தூவினதுபோல. சாய்த்து வெட்டினால் புள்ளி நீண்டு மழைத்தாரை மாதிரி ஆகும். அதனால் வளைவை மட்டும் நம்பி வேலை செய்யவேண்டும். கரண்டியின் முதுகு, பறவையின் வயிறு, கத்திக் கைப்பிடி, ஊன்றுகோலின் தலை. வளைவு திரும்பத் திரும்பக் கோடு புள்ளியாவதும் புள்ளி கோடாவதும் கண்முன்னால் நடக்கும். எனக்கு வேறு எந்த மரத்திலும் இந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

உப்புத்தாள் போட்டதும் ஈரத்துணியால் துடைத்து, எழும்புகிற நாரை மறுபடி தேய்க்கவேண்டும். மூன்று தடவையாவது. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், பனந்தூள் தொண்டையை அறுக்கும். கூரை மரத்துக்கும் வள்ளத்துக்கும் இங்கே அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையிலிருந்து அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய், வாங்கிப் பூசுவார்கள். செதல் (கரையான்) கிட்ட வராது. ஆனால் அது கையில் பட்டால் பொள்ளிவிடும், கையில் பிடிக்கிற சாமானுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் காயவே காயாது, கொஞ்ச நாளில் காறிப்போய் நாறும். நான் ஆளிவிதை எண்ணெய் மெலிதாகப் பூசி ஒரு வாரம் விட்டு, மேலே மார்த்தாண்டத்தில் வாங்கின தேன்மெழுகைத் தேய்க்கிறேன்.

5 கிலோ 480இல் நின்ற சட்டத்திலிருந்து முதலில் செய்தது ஆசாரிப் பாட்டாவுக்கு ஒரு ஊன்றுகோல். கைப்பிடியை மட்டும் வாத்தின் கழுத்துப்போல வளைத்து, மற்ற இடமெல்லாம் நேராக விட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்கினார். தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். கீழ்முனையிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்தி, கட்டைவிரல் நகத்தை ஊன்றினார்.

"இங்க சோறு இருக்கு."

குனிந்து பார்த்தேன். அரை அங்குல நீளத்துக்கு, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்த ஒரு பட்டை. நகம் பதிந்த தடம் பிறைபோல அதில் தெரிந்தது. கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த இடத்தைக் கீறி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொண்டுபோனேன். இந்தத் தடவை நகம் ஊன்றிப் பார்க்கவில்லை. கோலை ஊன்றி எழுந்தார். "மத்த சட்டமெல்லாம் எங்க கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகையைப் பார்த்து நடந்தார்.